தீர்த்தக் குப்பி

பெரியப்பா பெற்றோலுக்குத் தீர்த்தம் என்று பெயர் வைத்திருந்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், போரால் பாதை பூட்டி, மின்சாரமும் போய், குடாநாட்டுக்குள் எண்ணெய் வந்து சேர்வதே பெரும்பாடாக இருந்த காலம் அது. கோயிலில் ஐயர் தருவதைப்போலச் சொட்டாகத்தான் கிடைக்கும், சிந்தினால் பாவம் என்பது அவர் சொன்ன விளக்கம். இப்போது நான் இருக்கும் ஜெர்மனியில் தெருவுக்குத் தெரு பெற்றோல் நிலையம். காருக்கு அடித்து முடித்துக் குழாயை எடுக்கும்போது நாலு சொட்டு நிலத்தில் சிந்தும். ஒருவரும் அதைப் பார்ப்பதில்லை. எனக்கு மட்டும் நெஞ்சு பதறும். அந்த மணம் மூக்கில் ஏறியதும் தொண்டைமானாற்று வீட்டு வாசற்படலை வந்துவிடும். படலைக்கு வெளியே வாயைப் பிளந்துகொண்டு நிற்கும் பெரியப்பாவின் கார் வந்துவிடும். கடைசியாகச் சின்னம்மா வருவார். அவர் வந்துவிட்டால் அன்றைக்கு எனக்கு ஒரு வேலையும் ஓடாது.

பெரியப்பா என்றால் அப்பாவின் தமையன். அவர் கலியாணம் கட்டவில்லை. அவருக்குக் கார் இருந்தது. வெள்ளைக்காரன் போகும்போது மறந்து விட்டுவிட்டுப் போனது போன்ற ஒரு பழைய சோமசெற் கார். அதற்குச் சோறு ஊட்டாத குறைதான். ஊரில் மற்றக் கார்களைப்போல அதுவும் மண்ணெண்ணெயில் ஓடியது. எஞ்சின் ஒருமுறை எழும்பிச் சூடாகிவிட்டால் மண்ணெண்ணெய் போதும். ஆறிக் கிடக்கும் எஞ்சின் மட்டும் மண்ணெண்ணெய்க்கு எழும்பாது. பொனெற்றைத் திறந்து, காபரேற்றரின் வாய்க்குள் கொஞ்சம் பெற்றோலை விட்டு, முன்பக்கத்தில் இரும்புக் கம்பியைக் கொடுத்து ஓங்கிச் சுற்ற வேண்டும். அப்போது கார் இருமும், துப்பும், பிறகு அணைந்த லாம்பின் மணத்தோடு புகை விட்டுக்கொண்டு எழும்பும். பெரியப்பா அதை ஒவ்வொரு நாளும் முதல் தரம் பார்ப்பவர்போல நின்று ரசிப்பார்.

தீர்த்தம் வைக்க அவருக்கு ஒரு குப்பி வேண்டியிருந்தது. வாய் ஒடுக்கமாக இருக்க வேண்டும், மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், சட்டைப் பைக்குள் அடங்க வேண்டும். தம்பியின் விற்றமின் பாணி முடிந்திருந்தது. அந்தப் பாணி நல்ல இனிப்பு. குப்பியைக் கண்டாலே தம்பி குருவிக்குஞ்சுபோல வாயைத் திறப்பான். வெறுங்குப்பியை அம்மாதான் கழுவிக் காயவைத்துப் பெரியப்பாவிடம் கொடுத்தார். அதில் யாருக்கும் ஒன்றும் பிழையாகத் தோன்றவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் எந்தக் குப்பிக்குள் என்ன இருக்கிறது என்பதைக் குப்பியைப் பார்த்துச் சொல்ல முடியாது. சோடாப் போத்தலில் மண்ணெண்ணெய் இருக்கும், ஜாம் போத்தல் விளக்காக எரியும்.

அப்பா கொழும்பில் வேலை பார்த்தார். பாதை பூட்டியபோது அந்தப் பக்கம் அகப்பட்டவர் அகப்பட்டவர்தான். தம்பி முதல் அடி வைத்து நடந்ததை அவர் காணவில்லை. வீட்டில் அம்மா, நான், தம்பி, அம்மாவின் தங்கையான சின்னம்மா. எனக்கு எட்டு ஒன்பது வயதிருக்கும். தம்பிக்கு இரண்டு வயது.

சின்னம்மா மந்திகை ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் வாட்டில் நேர்ஸாக இருந்தார். வேலை முடிந்து சைக்கிளில் வீட்டுக்கு வந்தாலும் வேலை முடியாது. பின்னேரங்களில் அயலில் இருந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். சின்னம்மா உடனே ஓடிப்போய்த் தொட்டுப் பார்க்க மாட்டார். வாசல்நிலையில் கையை ஊன்றிக்கொண்டு சற்றுத் தள்ளி நின்று பிள்ளையைப் பார்ப்பார். முகத்தைப் பார்ப்பார். மூச்சைப் பார்ப்பார். நிறத்தைப் பார்ப்பார். தாய் அழுது புலம்பிக்கொண்டு நிற்பாள், இவர் பார்த்துக்கொண்டே இருப்பார். பொம்பிளை பார்க்க வந்தவள்போல நிற்கிறாள் என்று அம்மா பகிடி பண்ணுவார்.

ஒருநாள் இரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் வந்தார்கள். ஒருவன் மதிலால் விழுந்து முழங்கால் கிழிந்தவன். அவன் போட்ட சத்தத்துக்குக் காகம் எல்லாம் எழும்பிப் பறந்தது. மற்றது ஒரு கைக்குழந்தை. வயிற்றோட்டம். தாயின் தோளில் சத்தமில்லாமல் கிடந்தது. சின்னம்மா கத்துகிறவனைத் திரும்பியும் பாராமல் அந்தக் குழந்தையிடம் போனார். அதன் வயிற்றுத் தோலை மெல்லக் கிள்ளி விட்டார். கிள்ளிய தோல் பழையபடி படியாமல் மடிப்பாகவே நின்றது. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கோ, போற வழி முழுக்கத் தண்ணியைப் பருக்கிக்கொண்டு போங்கோ என்று அவர்களை அனுப்பிவிட்டுத்தான் முழங்காலுக்கு வந்தார். முழங்காலின் தாய்க்கு மூக்குச் சிவந்துவிட்டது.

“அழுகிற பிள்ளைக்கு அவசரமில்லை அக்கா,” என்று சின்னம்மா அவளைச் சமாதானப்படுத்தினார். “அழ வேண்டிய நேரத்திலை அழாமல் கிடக்கிற பிள்ளையைத்தான் முதல்லை பாக்கோணும்.”

நான் இதையெல்லாம் என் பாவைப்பிள்ளைக்குச் செய்வேன். வாசல்நிலையில் கையை ஊன்றி, முகம், மூச்சு, நிறம் பார்ப்பேன். பாவைப்பிள்ளை ஒருநாளும் அழாததால் அதற்கு எப்போதும் அவசரமாகவே இருந்தது.

சின்னம்மாவுக்குக் கலியாணம் பொருந்தியது மிகவும் பிந்தித்தான். மாப்பிள்ளை ஜெர்மனியில். நெற்றி அகன்ற, சிரிப்பதா வேண்டாமா என்று யோசிப்பவர் போன்ற ஒருவரின் படம் சின்னம்மாவின் தலையணைக்கடியில் இருந்தது. நான் சின்னம்மாவோடுதான் படுப்பேன். ஆகவே அந்தத் தலையணைக்கு நானும் பாதி உரிமைக்காரி. விளக்கை அணைத்து நூர்க்க முதல் அவர் படத்தை எடுத்துப் பார்ப்பார். அப்போதும் சற்றுத் தள்ளிப் பிடித்துத்தான் பார்ப்பார். பிறகு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு தனியாகச் சிரிப்பார். எனக்கு அந்த நெற்றிக்காரனைக் கண்ணில் காட்டக் கூடாது.

பயணம் முற்றாகியது. கிளாலிக் கடலை வள்ளத்தில் கடந்து, கொழும்புக்குப் போய், அங்கே அப்பா ஒழுங்கு பண்ணியிருந்த விமானத்தில் ஏற வேண்டும். ஊரை விட்டு வெளியேற எடுத்த பாஸுக்கும் நாள் குறித்திருந்தது, விமானத்துக்கும் நாள் குறித்திருந்தது. ஒன்று தவறினால் மற்றதும் தவறும். சின்னம்மா வேலையை விட்டார். வாட்டில் தேத்தண்ணீர் விருந்து வைத்து அனுப்பினார்கள். நான் சந்நிதி கோயிலில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, சின்னம்மா போகக் கூடாது முருகா என்று கும்பிட்டேன். அம்மா பக்கத்தில் நின்று, பயணம் தடையில்லாமல் நடக்க வேண்டும் முருகா என்று வாய்விட்டே கும்பிட்டார். முருகன் யாருக்கென்று செய்வார் பாவம்.

வள்ளம் இருட்டிய பிறகுதான் ஓடும். ஆகவே மதியம் திரும்பியதும் வீட்டிலிருந்து வெளிக்கிட்டால் போதும். ஆனால் நல்ல நேரம் காலையில் இருந்தது. அம்மா இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். காலையில் நல்ல நேரத்திலேயே சின்னம்மா நிறைகுடத்துக்கு முன்னால் கும்பிட்டு, வலது காலை வைத்துப் படலையைத் தாண்டி, ஒழுங்கையில் நின்ற காரில் போய் ஏறிக்கொண்டார். அதோடு பயணம் தொடங்கியதாகக் கணக்கு. இனி அவர் படலைக்குள் திரும்பிக் கால் வைக்கக் கூடாது. வைத்தால் பயணம் முறிந்துவிடும். இப்படியாகச் சின்னம்மா பகல் முழுவதும் எங்கள் வீட்டு வாசலில், ஓடாத காரில், ஜெர்மனிக்குப் போய்க்கொண்டிருந்தார்.

அயலவர்கள் கார் யன்னலுக்கு வந்து வந்து விடைபெற்றார்கள். அம்மா சோற்றைக் குழைத்துக் கோப்பையில் கொண்டுவந்து யன்னலால் கொடுத்தார். நான் காருக்குள் அவரோடு ஒட்டிக்கொண்டு இருந்தேன். புதுச் சேலை, கிளிப்பச்சை நிறம், கரகரவென்று சத்தம் போட்டது. பவுடர் மணத்தது.

“அங்கை சரியான குளிராமே சின்னம்மா?”

“ஓம் குஞ்சு. மூக்கு விறைச்சுப் போகுமாம்.”

“அப்ப ஏன் போறியள்?”

அவர் என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். என் வாழ்க்கையில் எந்த வாகனத்திலும் நான் அவ்வளவு தூரம் போனதில்லை என்று இப்போது தோன்றுகிறது.

மதியம் திரும்பியது. பெரியப்பா பொனெற்றைத் திறந்தார். சட்டைப் பையிலிருந்து குப்பியை எடுத்து மூடியைத் திருகினார். அப்போதுதான் சூட்கேஸ் சரியாகக் கட்டப்படவில்லை என்பது அவர் கண்ணில் பட்டது. குப்பியை முன் பம்பரில் வைத்துவிட்டுப் பின்பக்கம் போனார். அம்மா இடுப்பில் இருந்த தம்பியை இறக்கி விட்டுவிட்டுத் தேங்காய் உடைக்கிற இடத்தில் கற்பூரம் கொளுத்தினார். தம்பிக்கு அன்று புதுச் சட்டை. படம் எடுத்து அப்பாவுக்குக் கொடுத்தனுப்புவதற்காகத் தைத்தது. அவன் தன் உயரத்துக்குச் சரியாக, தன் குப்பி, மூடியும் இல்லாமல், தனக்காகவே வைத்திருப்பதைக் கண்டான்.

அவன் இருமினான். ஒரேயொரு தரம், புரையேறினால் வருவதுபோல. தேங்காய் உடைந்த சத்தத்தில் அது ஒருவர் காதிலும் விழவில்லை. சின்னம்மாவுக்கு விழுந்தது. என் தலையைத் தோளிலிருந்து தள்ளிவிட்டு அவர் கார்க் கதவைத் திறந்ததைத்தான் நான் முதலில் கண்டேன். பிறகுதான் மணம் வந்தது. பிறகுதான் தம்பியின் அழுகை.

அம்மா குழறிக்கொண்டு பிள்ளையை அள்ளி எடுத்தபடி குசினிக்கு ஓடினார். சின்னம்மா பின்னால் ஓடினார். அந்த நிலையிலும் அம்மா படலையில் திரும்பி, “ஐயோ, நீ உள்ளுக்கு வராதையடி!” என்று கத்தினார். சின்னம்மா எந்தக் காலை முதலில் வைத்தார் என்று பார்க்க அங்கே யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

குசினியில் அம்மா ஒரு கையால் உப்பைக் கரைத்துக்கொண்டு மறுகை விரலைத் தம்பியின் வாய்க்குள் விடப் போனார். நஞ்சென்றால் வாந்தியாக வெளியே எடுக்க வேண்டும், அதுதானே எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம்.

“அக்கா, கையை எடுங்கோ!” சின்னம்மா அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. “சத்தி எடுக்கப் பண்ணாதேங்கோ. வயித்துக்குள்ளை கிடந்தால் பெரிசா ஒண்டும் செய்யாது. வெளியிலை வரேக்கை சுவாசப்பைக்குள்ளை போனால் பிள்ளை தப்பாது.”

“அப்ப தேங்காய்ப்பாலாவது குடுப்பமே?”

“ஒண்டும் குடுக்காதேங்கோ. ஆரது, அடுப்பையும் வாசல் கற்பூரத்தையும் நூருங்கோ! பிள்ளையின்ரை சட்டை முழுக்கப் பெற்றோல்!”

அவர் தம்பியை வாங்கிக்கொண்டார். சட்டையைக் கழற்றி என் கையில் தந்தார். வாயையும் நெஞ்சையும் தண்ணீர் விட்டுக் கழுவினார். தம்பி வானம் இடிந்ததுபோல அழுதான். அம்மாவும் அழுதார். அழட்டும், அழட்டும், நல்லா அழட்டும் என்று சின்னம்மா மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். குடிச்சது கொஞ்சம்தான், ஆனால் இருமினவன், அதுதான் பயம் என்றார். பிறகு அந்த அழுகை மெலியத் தொடங்கியது. ஒவ்வொரு மூச்சுக்கும் ‘ம்… ம்…’ என்று ஒரு முனகல் வந்தது. பிறகு அழுகையே நின்றுவிட்டது. அப்பாடா, ஆறிவிட்டான் என்று அம்மாவின் முகம் தெளிந்தது. சின்னம்மாவின் முகம் தெளியவில்லை.

“பெரியத்தான், காரை எடுங்கோ! கெதியா!”

பெரியப்பா காருக்கு முன்னால் வெறுங்குப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மிச்சம் முழுவதும் தம்பியின் சட்டையிலும் மண்ணிலும் போயிருந்தது. மண்ணெண்ணெய் தாங்கியில் நிறைய இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அந்த மனிதரின் முகத்தை அன்றைக்குப்போல நான் ஒருநாளும் கண்டதில்லை. சைக்கிளில் கொண்டு போனால் ஒரு மணித்தியாலமாவது ஆகும், அவ்வளவு நேரம் பிள்ளையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு மூச்சையும் பார்க்க முடியாது. அப்போது அவருடைய மூக்கு விரிந்தது. என் கையிலிருந்த சட்டையை அவர் பறித்தார்.

அந்தக் குட்டிச் சட்டையைக் காபரேற்றரின் வாய்க்கு மேலே பிடித்து, ஈரத்துணியைப் பிழிவதுபோலப் பிழிந்தார். பிழிந்துவிட்டு அதை அப்படியே அந்தக் காபரேற்றர் வாயோடு பொத்திப் பிடித்துக்கொண்டார். கம்பியைச் சுற்ற ஆள் வேண்டும். காரைத் தொட்டால் கை அழுக்காகும் என்று தள்ளியே நிற்கும் அம்மா, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கம்பியைப் பிடித்தார். முதல் சுற்றுக்கு ஒன்றும் நடக்கவில்லை. சந்நிதி முருகா என்று அம்மா மறுபடி சுற்றினார். கார் இருமியது. துப்பியது. எழும்பியது.

பின் ஆசனத்தில் சின்னம்மா தம்பியை நெஞ்சோடு சாய்த்து நிமிர்த்தி வைத்துக்கொண்டார். நான் பக்கத்தில். அம்மா முன்னால் இருந்து திரும்பித் திரும்பிப் பார்த்து அழுதார். காரை எழுப்பியதோடு அவரிடமிருந்த பலம் முடிந்துவிட்டது.

“பிள்ளை, இஞ்சை பார்,” என்று சின்னம்மா என் விரலைப் பிடித்துத் தம்பியின் விலா எலும்புக்குக் கீழே வைத்தார். “மூச்சு இழுக்கேக்கை இந்த இடம் உள்ளுக்கை குழி விழுதோ எண்டு பாத்துக்கொண்டிரு. குழி பெரிசானால் சொல்லு. வேறை ஒண்டையும் பாக்காதை.”

நான் வேறொன்றையும் பார்க்கவில்லை. வல்வெட்டித்துறை போனது தெரியாது, உடுப்பிட்டி போனது தெரியாது. நெல்லியடிச் சந்தியில் கொடிகாமம் ரோட்டுப் பக்கம் திரும்பினால் கிளாலி. கார் திரும்பாமல் நேரே மந்திகைக்குப் போனதும் தெரியாது. தம்பியின் தோல் உள்ளே இழுபட்டு வெளியே வந்தது, உள்ளே இழுபட்டு வெளியே வந்தது. சின்னம்மா அவன் உதட்டைப் பார்த்தார், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு உள்ளங்காலைச் சுண்டினார். அவருடைய கிளிப்பச்சைச் சேலை முழுவதும் பெற்றோல் திட்டுத் திட்டாக ஊறியிருந்தது. பவுடர் மணம் எங்கோ போய்விட்டது.

“குழி பெரிசாகுது சின்னம்மா.”

“ஓம். நல்லாப் பாக்கிறாய்.”

எவ்வளவு அமைதியாகச் சொன்னார் அதை. பள்ளிக்கூடத்தில் கணக்குச் சரி என்று சொன்னதுபோல எனக்குப் பெருமையாக இருந்தது.

பிள்ளைகள் வாட்டில், விடைகொடுத்து அனுப்பிய சின்னம்மா புதுச் சேலையோடு திரும்பி வந்து நிற்பதைக் கண்டு எல்லாரும் திகைத்தார்கள். பெற்றோல், இருமினவன், சத்தி எடுக்கேல்லை, முனகல் இருக்கு, விலா இழுபடுது என்று அவர் நடந்துகொண்டே சொன்னார். தம்பியின் முகத்தில் ஒட்சிசன் வைத்தார்கள். டொக்டர் நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். சத்தி எடுக்கப் பண்ணாதது நல்ல காலம் என்றார். ஆனால் கொஞ்சம் சுவாசப்பைக்குள் போயிருக்கிறது, இனி வரும் மணித்தியாலங்கள்தான் முக்கியம், பிள்ளையை விட்டுக் கண் எடுக்கக் கூடாது என்றார். காயக்காரர்களும் காய்ச்சல்காரர்களுமாக ஆஸ்பத்திரி நிரம்பி வழிந்த நாள் அது. கண் எடுக்காமல் இருக்க யாருக்கும் இரண்டு கண்ணுக்கு மேல் இருக்கவில்லை.

வெளியே கார் ஓடிக்கொண்டே நின்றது. வாட்டின் யன்னலால் அதன் கடகடப்புக் கேட்டது. பெரியப்பா உள்ளே வந்தார்.

“பிள்ளை, நான் காரை நிப்பாட்டேல்லை. நிப்பாட்டி ஆறவிட்டால் எழுப்பத் தீர்த்தமில்லை. இப்ப வெளிக்கிட்டாலும் வள்ளத்தைப் பிடிச்சுப் போடலாம்.”

“நீ போடி,” என்று அம்மா அவர் தோளைத் தள்ளினார். “இஞ்சை டொக்டர் இருக்கிறார். உன்ரை வாழ்க்கையை யோசி. போ!”

சின்னம்மா கட்டிலின் கால்மாட்டில் நின்றார். கையைக் கட்டிற்கம்பியில் ஊன்றிக்கொண்டு, சற்றுத் தள்ளி நின்று, தம்பியைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார், மூச்சைப் பார்த்தார், நிறத்தைப் பார்த்தார். கார் வெளியே கடகடத்தது. நான் என் விரலைத் தம்பியின் விலாவில் இருந்து எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லையே.

“குழி குறையுதோ பிள்ளை?”

“இல்லை சின்னம்மா.”

அவர் வெளியே போனார். பெரியப்பாவும் பின்னால் போனார். போய்விட்டார், ஒரு கொஞ்சல்கூட இல்லாமல் போய்விட்டார் என்று எனக்கு அழுகை முட்டியது. வெளியே கார் கடகடத்தது. கடகடத்துக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது. அந்த அமைதிக்குள் அவருடைய செருப்புச் சத்தம் விறாந்தையில் திரும்பி வந்தது. பச்சைச் சேலையின் முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகியிருந்தார். தள்ளியிரு குஞ்சு, இனி நான் பாக்கிறன் என்றார். முருகன் எப்படிப்பட்டவர் பாருங்கள், கேட்டதைத் தந்துவிட்டார் என்று என் மனம் துள்ளியது. தம்பி மூச்சுக்கு அந்தரப்பட்டுக் கிடக்க எனக்குச் சந்தோஷத்தில் சிரிப்பு வந்தது. சிரிப்பைக் கையால் பொத்திக்கொண்டேன்.

தம்பிக்குக் காய்ச்சல் வந்தது, இறங்கியது, திரும்பவும் வந்தது. சின்னம்மா அவன் தலைமாட்டை விட்டு எழும்பவில்லை. பிறகு ஒரு காலையில் ஊசி போட வந்தவரைக் கண்டு தம்பி வாட்டே அதிரக் கத்தினான். சின்னம்மா சத்தமாகச் சிரித்தார். அம்மாவைக் கட்டிக்கொண்டு, “கேளுங்கோ அக்கா, கேளுங்கோ,” என்று சிரித்தார்.

பாஸின் நாள் அதற்குள் முடிந்திருந்தது. விமானமும் போய்விட்டது. புதிதாகப் பாஸ் ஒன்று எடுத்துக்கொண்டு வெளிக்கிடப் பார்த்தபோது கடலில் பிரச்சினை, வள்ளம் ஓடவில்லை. வள்ளம் ஓடியபோது பாஸ் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் கொஞ்சக் காலம் பொறுத்தார்கள். பிறகு அவருக்கு வேறிடத்தில் முற்றாகிவிட்டது என்று கேள்விப்பட்டோம். படலைக்குள் திரும்பிக் கால் வைத்ததால்தான் என்று ஊர் சொன்னது. அம்மாவும் ஒருமுறை சொன்னார். சின்னம்மா மறுபடி சைக்கிளில் மந்திகைக்குப் போய்வரத் தொடங்கினார். பிறகு வந்த சம்பந்தம் ஒன்றும் சரிவரவில்லை. அவர் கலியாணம் கட்டவேயில்லை.

அந்தப் பாதையால் கடைசியில் நான்தான் போனேன். பல வருடங்களுக்குப் பிறகு, வேறொரு மாப்பிள்ளைக்கு, அதே நாட்டுக்கு. இங்கே உண்மையாகவே மூக்கு விறைத்துப் போகிறது. தம்பி ஊரில் இருக்கிறான். அவனுக்கு இன்றைக்கும் பெற்றோல் மணம் ஆகாது, ஆன வயதிலும் சைக்கிளில்தான் திரிகிறான். பென்சன் எடுத்துவிட்ட சின்னம்மாவை அவன்தான் பார்த்துக்கொள்கிறான். போனில் நான், சுகமோ சின்னம்மா என்றால், எனக்கென்ன குறை, நீ குளிருக்கை கவனம் பிள்ளை என்பார். ஒருமுறை வந்து நில்லுங்கோ என்று எத்தனை தரம் கூப்பிட்டுவிட்டேன். இந்த வயசிலை என்னத்துக்கு என்று சிரிப்பார். பெற்றோல் அடித்துவிட்டுக் காருக்குள் ஏறும்போது சில நாட்களில் பக்கத்து ஆசனத்தைப் பார்ப்பேன். அவர் கரகரக்கும் சேலையோடு அதில் இருக்க வேண்டும், நான் ஓட்ட வேண்டும், அன்றைக்கு வாசலிலேயே நின்ற அந்தப் பயணத்தை எங்காவது கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று இருக்கும். எனக்கு அவர் வேண்டும். வேறெப்படிச் சொல்வது?

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று சின்னம்மா சூட்கேஸைக் கட்டிலில் வைத்துத் திறந்தார். நான்தான் உதவி. எனக்கு அது பண்டிகை. புதுச் சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, அவர் வாங்கி அலுமாரியில் அடுக்கினார். அடியில் அம்மா பின்னிக்கொடுத்த கம்பளிச் சட்டை இருந்தது. அந்த வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு நான் அறை முழுவதும் ஆடினேன், வியர்த்து வழிய வழிய ஆடினேன். சின்னம்மா இனிப் போகமாட்டார் என்று பாட்டுக் கட்டினேன். அவரும் சிரித்தார். தலையணையைத் தூக்கினேன். கீழே படம் இருக்கவில்லை. நான் தேடவும் இல்லை.

வாசலில் யாரோ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். முள்ளுக் குத்தியதாம், பெரிய கூச்சல்.

“அழுகிற பிள்ளைக்கு அவசரமில்லை. இருக்கச் சொல்லு, வாறன்,” என்றார் சின்னம்மா.

நான் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். அவர் கட்டிலின் விளிம்பில், நான் கழற்றி எறிந்த கம்பளிச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். சூட்கேஸ் வெறுமையாகத் திறந்து கிடந்தது. நான் அவரைப் போலவே வாசல்நிலையில் கையை ஊன்றிக்கொண்டு சற்றுத் தள்ளி நின்று பார்த்தேன். முகம் பார்த்தேன், மூச்சுப் பார்த்தேன், நிறம் பார்த்தேன். சத்தமில்லாமல் இருந்தார். கண்ணில் ஒரு சொட்டும் இல்லை. சின்னம்மாவுக்கு ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டு நான் விளையாடப் போய்விட்டேன்.